நிற்கிற வண்டியும் தேயும்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் பதினொரு கார்கள் நிற்கின்றன. ஓடுகின்றன என்று எழுத முடியவில்லை. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்ததிலிருந்து, வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் ஓட்டிக்கொண்டு போக யாருக்குத்தான் மனம் வரும்? காருக்கு மிச்சமிருக்கும் வேலை கல்யாணம், ஆஸ்பத்திரி, ராத்திரி ரயில் பிடிக்க சென்ட்ரல், வருடத்துக்கு ஒருமுறை திருப்பதி. அவ்வளவுதான்.

இந்தப் பதினொரு வீட்டிலும் போய், "சர்வீஸ் விட்டாச்சா?" என்று கேளுங்கள். "ஓடவே இல்லியேப்பா, மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஆகல, அதுக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்ற பதில்தான் வரும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரும் இதைத்தான் சொல்கிறார், பள்ளி ஆசிரியையும் இதைத்தான் சொல்கிறார். ராயபுரத்தில் கேட்டாலும் எர்ணாவூரில் கேட்டாலும் பதில் மாறாது. பழைய கார் விற்கும் விளம்பரங்களைப் பாருங்கள். "சிங்கிள் ஓனர், ஓடாத வண்டி" என்பது அங்கே புகழ்ச்சி. பத்து வருடத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர் என்றால் புது வண்டி மாதிரி என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. எங்கே இருக்கும் காருக்கும் தவறுதான். ஆனால் ஒரு பக்கம் வங்கக் கடலும் மறு பக்கம் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளும் இருக்கும் இந்த நிலத்தில் அது ஆபத்தான தவறு. நானும் ஏழு ஆண்டுகள் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். 2019 ஜூன் மாதம் திருமலையிலிருந்து இறங்கும்போது அந்தப் பேச்சை நிறுத்தினேன்.

என் கார் அப்போது இருபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. என்ஜின் ஆயிலை இரண்டு முறை மாற்றியிருந்தேன். மற்ற எதையும் தொடவில்லை. வண்டியில் என் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், லட்டுப் பைகள். மலைப்பாதையில் முன்னால் பஸ் ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததால் வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி ஆயிற்று. அடுத்த வளைவில் மிதித்தபோது தரைவரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரோரம் உரசி நிறுத்தினேன். வண்டி நின்ற பிறகும் என் அம்மாவின் கை என் தோளை விடவில்லை. இருபது நிமிடம் கழித்து மிதித்துப் பார்த்தபோது பெடல் ஒன்றுமே நடக்காதது போல் கெட்டியாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக், பிரேக் ஆயிலை ஒரு பாட்டிலில் இறக்கிக் காட்டினார். புதியது வெளிர் மஞ்சளாக, தேன் போல இருக்கும். என் வண்டியிலிருந்து வந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. "எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?" என்றார். கிலோமீட்டரை அவர் கேட்கவே இல்லை.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் சிறுகச் சிறுக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் போகும், ஓடாவிட்டாலும் போகும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. ஊருக்குள் ஓட்டும்போது பிரேக் அவ்வளவு சூடாகாது. அதனால் குறை வெளியே தெரியாது. மலை இறக்கத்தில் சூடேறியதும் உள்ளேயிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் விடும். திரவத்தை அமுக்க முடியாது. குமிழை அமுக்க முடியும். அதனால்தான் பெடல் தரைக்குப் போகிறது. ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் திரும்பி வருகிறது.

வருடம் முழுக்க வாசலில் நிற்கும் வண்டியை வருடத்தின் மிகக் கடுமையான ஒரு வேலைக்கு, குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, மலைக்குக் கூட்டிப் போகிறோம். தினமும் ஓடும் டாக்ஸியில் கோளாறு வந்தால் டிரைவர் அன்றைக்கே உணர்ந்துவிடுவார். நம் வண்டியில் அது ஒளிந்திருந்து, ஏழாவது கொண்டை ஊசியில் வெளிவருகிறது.

காரோடு வந்த கையேட்டை யாரும் திறப்பதில்லை. டாஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடக்கும். அதில் பராமரிப்பு அட்டவணைக்கு மேலே ஒரு வரி உண்டு: இத்தனை கிலோமீட்டர், அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. இன்றைய கார்கள் பலவற்றுக்கு என்ஜின் ஆயில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. பிரேக் திரவத்துக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. கூலண்டுக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. நாம் "அல்லது"க்கு முன்னால் இருப்பதை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். அதே கையேட்டில் பின்னால் இன்னொரு அட்டவணையும் இருக்கும், கடுமையான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு. எது கடுமையான சூழல்? தூசி நிறைந்த சாலை, குறுகிய தூர ஓட்டம், நெரிசலில் நின்று நின்று போவது, நீண்ட நேரம் ஐடிலில் நிற்பது, உப்புக் காற்று. இதை எழுதியவர் ராயபுரம் சூரியநாராயண செட்டித் தெரு வழியாக ஒருமுறை வந்து போனாரோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

கிலோமீட்டர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓடவே இல்லை என்கிற வண்டி உண்மையில் ஓடவில்லையா? வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் என்று வையுங்கள். டோல்கேட்டிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் போய்ச் சேர, துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைத் தாண்டி, சில நாள் முக்கால் மணி நேரம் ஆகிறது. சராசரி வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று கொண்டால், அந்த நாலாயிரம் கிலோமீட்டருக்கு என்ஜின் ஓடிய நேரம் 333 மணி. ஓசூருக்கும் சென்னைக்கும் நெடுஞ்சாலையில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் சராசரியில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரின் என்ஜின் ஓடியது 200 மணிதான். நம் கார்தான் அதிகம் உழைத்திருக்கிறது. அதுவும் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று இல்லாமல், லாரிப் புகையையும் நிலக்கரித் தூசியையும் குடித்துக்கொண்டு, கிளட்சைத் தேய்த்துக்கொண்டு. நகராமல் நிற்கும்போது கிலோமீட்டர் மீட்டர் நகர்வதில்லை. என்ஜின் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஜெனரேட்டருக்கும் கிரேனுக்கும் துறைமுகத்தில் மணிக் கணக்கு வைத்து ஆயில் மாற்றுகிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்களே வீட்டுக்கு வந்து காருக்குக் கிலோமீட்டர் கணக்குச் சொல்வதுதான் எனக்குப் புரிவதில்லை.

குறுகிய ஓட்டத்தில் இன்னொரு தீங்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நம்ப முடியாவிட்டாலும் வேதியியல் கணக்கு அதுதான். பெரும்பகுதி ஆவியாக சைலன்ஸர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழிறங்கி ஆயிலோடு கலக்கும். அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓடினால் ஆயில் சூடேறி அந்த ஈரத்தை விரட்டிவிடும். மார்க்கெட் வரை போய் என்ஜினை நிறுத்தினால் ஈரம் அங்கேயே தங்கும். எரியாத பெட்ரோலும் எரிந்ததன் அமிலமும் அதோடு சேர்ந்து ஆயிலைக் கெடுக்கும். சென்னை வெயிலில் குளிர்நாடுகள் அளவுக்கு இது மோசமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சைலன்ஸரைக் கேளுங்கள். ஓடாத வண்டிகளின் சைலன்ஸர்தான் உள்ளிருந்து துருப்பிடித்து முதலில் ஓட்டையாகிறது. வெல்டிங் பட்டறைக்காரர் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

இனி உப்பு. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை வீட்டில் எல்லாரும் பார்த்திருப்போம். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. கடல் அலை உடையும்போது எழும் நுண்துளி காற்றில் வந்து காரின் அடிப்பாகத்தில், கதவின் உள்விளிம்பில், ஏசி கண்டென்சரின் இதழ்களில், பிரேக் குழாயில் படிகிறது. பகலில் காய்ந்து பொடியாகிறது. இரவில் மறுபடியும் ஈரமாகிறது. மழையே பெய்யாமல், வண்டி ஓரடி நகராமல், வருடத்தில் எத்தனையோ ராத்திரிகள் இரும்பு உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. தொழிற்சாலைப் புகையில் கந்தகமும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நாட்டின் பல இடங்களில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் மாட்டிவைத்து, எவ்வளவு அரித்தது என்று அளந்து துரு வரைபடமே தயாரித்தது. அப்படி மாட்டிவைத்த தகடு ஓர் அங்குலம்கூட ஓடியதில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீன் வண்டிகள் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரைச் சாலை நெடுகச் சிந்திக்கொண்டு போகின்றன. பனி கொட்டும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அங்கே கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவதைக் கடமையாக வைத்திருக்கிறார்கள். நமக்குப் பன்னிரண்டு மாதமும் உப்புச் சாலை. நாமோ கூரையையும் பானெட்டையும் துடைத்துப் பளபளப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்கிறோம். துடைப்பதும் எந்தத் தண்ணீரில்? வீட்டு போர் தண்ணீரில். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் புகுந்தது பல பத்தாண்டு காலக் கதை. 2010-இல் அங்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே வந்துவிட்டது. வாயில் வைக்க முடியாத தண்ணீரைக் காரின் மேல் ஊற்றுகிறோம். ரேடியேட்டரில் அளவு குறைந்தால் அதையே எடுத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அலுமினியத்தால் ஆன ரேடியேட்டருக்கும் என்ஜின் தலைக்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் என்ன விலை விற்றுவிடும்?

கவர் போட்டு மூடிவிட்டால் வண்டி பத்திரம் என்பது இன்னொரு நினைப்பு. காற்றுப் புகாத கவருக்குள் ஈரம் அடைபட்டு வெளியேற வழியின்றி நிற்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சிறு ஓட்டைகள் தூசியால் அடைபட்டிருந்தால் துரு உள்ளிருந்து புறப்படும். வெளியே பெயின்ட் கொப்புளிப்பது தெரியும்போது உள்ளே தகடு இருக்காது.

பேட்டரியையும் டயரையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கி, பல வாரம் கழித்துச் சாவியைத் திருகியவர்கள் எத்தனை பேருக்கு செல்ஃப் எடுக்காமல் போயிற்று என்பதை எல்லாரும் அறிவோம். நிற்பது வண்டிக்கு ஓய்வு இல்லை என்பதை அந்தக் கோடைகாலம் ஊருக்கே காட்டியது, அதற்குள் மறந்துவிட்டோம். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நாலு எண்கள் இருக்கும். 3116 என்றால் 2016-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருக்கலாம். ரப்பர் கெட்டிப்பட்டு விரிசல் விட்டிருக்கும். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்கிறார்கள். பத்தாண்டு ஆனால் எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றச் சொல்கிறார்கள். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது இதே திருவொற்றியூரில்தான். டயர் செய்த ஊரில் டயரின் பிறந்த தேதியைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாமா?

நிற்கிற வண்டியைப் பற்றி உண்மையில் அறிந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டுமானால் காசிமேட்டுக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்களின் இனப்பெருக்க காலம் என்று விசைப்படகுகளுக்குக் கடலில் இறங்கத் தடை. 2017-க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. இரண்டு மாதம் படகு ஓடாது. வருமானம் கிடையாது, அரசு தரும் நிவாரணத் தொகை குடும்பத்துக்கே பற்றாது. கார்க்காரர்களின் நியாயப்படி பார்த்தால் படகுக்கு ஒரு காசு செலவழிக்கக் கூடாத காலம் அது. ஆனால் வருடத்திலேயே படகுக்கு அதிகச் செலவு செய்வது அப்போதுதான். கடன் வாங்கியாவது செய்கிறார்கள். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, பலகை இடுக்குகளை அடைத்து, பெயின்ட் அடித்து, விசிறியையும் தண்டையும் கழற்றிப் பார்த்து, என்ஜினை இறக்கி வேலை செய்கிறார்கள். லேலண்ட் என்ஜின் பொருத்திய படகுகளும் அவற்றில் உண்டு. தச்சர், வெல்டர், பெயின்டர், வலை பின்னுகிறவர் என்று அந்தக் கரை முழுக்க ஆட்கள். ஒரு படகு உரிமையாளரிடம், "போன சீசன்ல கொஞ்ச நாள்தான் கடலுக்குப் போனீங்க, அப்புறம் எதுக்கு இத்தனை வேலை?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணில கெடந்துச்சில்ல?" என்றார்.

அவருக்கு இது ஏட்டுப் பாடம் இல்லை. நடுக்கடலில் என்ஜின் நின்றால் மெக்கானிக்கை போனில் கூப்பிட முடியாது. அதனால் கரையில் நிற்கும் காலத்தைப் பழுது பார்க்கும் காலமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் படகுகள் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கவர் போட்டு நிற்கின்றன நம் கார்கள். இரண்டும் ஒரே உப்பைத்தான் வாங்குகின்றன.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமானவையும் உண்டு. முதலாவது, சர்வீஸ் சென்டர்கள் ஏமாற்றுகின்றன என்பது. ஆயில் மாற்றப் போனால் என்ஜின் ஃபிளஷ், ஏசி மருந்து, அலைன்மென்ட், பாலிஷ் என்று பில்லை நீட்டிவிடுகிறார்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்கே அது நடந்தது. மாற்றாத ஃபில்டருக்குப் பணம் வாங்கினார்கள். ஆகவே சர்வீஸே விடாமல் இருப்பது விடையா? கலப்படம் செய்கிறார்கள் என்பதற்காக யாரும் சோறு தின்பதை நிறுத்துவதில்லை. பொருளைப் பார்த்து வாங்கக் கற்றுக்கொள்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கையேட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதில் இருப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு, நம் கண் முன்னால் குனிந்து வேலை செய்யும் பேட்டை மெக்கானிக் போதும். பிரேக் ஆயில் மாற்ற ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒருமுறை பிரியாணி சாப்பிடப் போகும் செலவுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, இப்போதைய சிந்தெடிக் ஆயில் லேசில் கெடாது என்பது. ஆயில் கெடாது என்பது சரிதான். ஆயிலுக்குள் சேர்ந்த தண்ணீரும் தூசியும் அமிலமும் எங்கே போகும்?

மூன்றாவதைத்தான் பெரியவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அந்தக் காலத்து அம்பாசடர் ஒன்றும் செய்யாமலே நாற்பது வருடம் ஓடியது, இப்போதுள்ளவைதான் தகர டப்பா என்று. என் பெரியப்பா துறைமுக அதிகாரி ஒருவருக்கு அம்பாசடர் ஓட்டியவர். காலையில் சாவியைக் கையில் எடுக்கும் முன்பே பானெட்டைத் திறந்துவிடுவார். வேஸ்ட் துணியால் ஆயில் குச்சியைத் துடைத்துப் பார்ப்பார். ரேடியேட்டரில் தண்ணீர், பேட்டரியில் தண்ணீர், டயரைக் கையால் தட்டிப் பார்ப்பது, இத்தனையும் முடிந்த பிறகுதான் ஸ்டார்ட். மாதத்தில் ஒரு ஞாயிறு கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். பாயின்ட் செட்டிங், டாப்பெட், கார்பரேட்டர் என்று அந்த வண்டி கேட்டுக்கொண்டே இருக்கும்; அவர் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்த வண்டி நாற்பது வருடம் ஓடியதற்குக் காரணம் தகட்டின் தடிமன் மட்டும் இல்லை, பெரியப்பாவின் கை. இன்றைய கார் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் கேட்கிறது. அதையும் மறுக்கிறோம்.

இப்படி மறுப்பதற்கு இந்த ஊருக்கு உரிமையே கிடையாது என்பேன். 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, அடுத்த ஆண்டே ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பிய இடம் இது. அதுதான் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே ஆண்டு திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி வந்தது. புல்லட்டின் சத்தம் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போனது. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கார், லாரி, பைக், டயர், பெட்ரோல் எல்லாம் நம் தாத்தாக்களின் கையிலிருந்து போயிருக்கிறது. லேத் பட்டறையோடும் ஃபவுண்டரியோடும் தொடர்பில்லாத குடும்பம் இங்கே குறைவு. இரும்பு எப்படித் தேயும் என்பதை இந்த ஊருக்கு வெளியாள் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இந்த அலட்சியத்துக்குத் துணை போகிறது. சரக்கு லாரிக்கும் வாடகை ஆட்டோவுக்கும் முதல் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழ் காட்ட வேண்டும். உங்கள் சொந்தக் காருக்குப் பதினைந்து ஆண்டு வரை புகைச் சோதனையைத் தவிர வேறு எந்தச் சோதனையும் கிடையாது. பிரிட்டனில் கார் வாங்கி மூன்று ஆண்டு ஆனதும் வருடாவருடம் சோதனை. எத்தனை மைல் ஓடியது என்பது அங்கே பொருட்டே இல்லை. ஜப்பானில் முதல் மூன்று ஆண்டுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இங்கே பதினைந்தாம் ஆண்டு வந்ததும்தான் ஓட்டம். 2022 ஏப்ரலில் அப்போது பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. அப்போது டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று மேலே மட்டும் பூசி வண்டியைக் காட்டிவிட்டு வருகிறார்கள். பட்டிக்கு அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கிறது. சோதனையே வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் பிள்ளை ஏறிப் போகும் ஆட்டோவை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் ஆள் பார்க்கிறார். உங்கள் காரை ஒருவரும் பார்ப்பதில்லை.

வெள்ளமும் இந்தக் கணக்கில் சேரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதியில் கார்கள் தண்ணீரில் நின்றன. இரண்டாவது முறை மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெயும் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்தது. தண்ணீர் வடிந்ததும், "ஸ்டார்ட் ஆயிடுச்சு, ஒண்ணும் ஆகல" என்று பலர் நிம்மதியாகிவிட்டார்கள். சக்கர பேரிங்கிலும் கியர் பெட்டியிலும் புகுந்த தண்ணீர் அன்றைக்குப் பேசாது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து உறுமத் தொடங்கும். அப்போது வெள்ளத்தை யாரும் நினைப்பதில்லை, கம்பெனியைத் திட்டுகிறோம்.

என் கார் இப்போதும் இருக்கிறது. மெட்ரோ வந்த பிறகு முன்னைவிடக் குறைவாகத்தான் ஓடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவம், வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும், மழைக்கு முன்னும் பின்னும் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் நல்ல தண்ணீரில் வாட்டர் சர்வீஸ். ஞாயிறுதோறும் முக்கால் மணி நேரம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டிவிட்டு வருகிறேன். அம்மா அதற்குப் பிறகும் இரண்டு முறை திருமலைக்கு வந்தார்.

பதினொரு வீட்டுக்காரர்களுக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். தேதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் நிற்கும் தேதி வேண்டுமென்றால் ஏப்ரல் 15 இருக்கிறது. அன்று காசிமேட்டில் படகுகள் கரையேறும். அன்றே உங்கள் காரையும் மெக்கானிக் ஷெட்டில் விடுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எந்த வருடம் மாற்றியது என்று அவர் கேட்டால் பதில் சொல்ல முடிகிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள்.